ராமநாதபுரம்: ஒரு சாண் இறக்கத்தில் நிற்கும் குடிநீர்

அரசு ஊழியரை மிரட்ட வேண்டுமென்றால் 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்' என்பார்கள். அந்தக் காடு எது என்று யாரும் விளக்கியதில்லை. ராமநாதபுரம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் இந்த மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மி.மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகவே மழை பெய்கிறது. கோயம்புத்தூர் நகரத்தின் சராசரி இதைவிடக் குறைவு. மழை பெய்யும் காலம் சுருக்கம் என்பது உண்மை. ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில்தான் பெரும்பகுதி விழுகிறது, அந்தப் பருவமும் சில ஆண்டுகளில் பொய்த்துவிடுகிறது. இருந்தாலும் மழைக்குறைவை மட்டும் வைத்து இங்குள்ள குடிநீர்ப் பஞ்சத்தை விளக்க முடியாது.

சுமார் 237 கி.மீ. கடற்கரை கொண்ட மாவட்டம் இது. வடகிழக்கில் பாக் நீரிணை, தெற்கில் மன்னார் வளைகுடா. 11 ஊராட்சி ஒன்றியங்கள். 2011 கணக்கெடுப்பில் 13.53 லட்சம் மக்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற, மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்ட அளவை வைத்தால் தினமும் 7.4 கோடி லிட்டர் வேண்டும். உள்ளூர் நிலத்தடி நீர் இந்த அளவைத் தராது. அதே நேரம், குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 8 முதல் 10 லிட்டர் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு 1.3 கோடி லிட்டருக்கு இறங்கிவிடுகிறது. இவ்விரண்டு எண்களுக்கும் நடுவில்தான் இந்த மாவட்டத்தின் குடிநீர்ச் சிக்கல் முழுவதும் கிடக்கிறது. நல்ல தண்ணீர் இங்கே உப்பு நீரின்மேல் மெல்லிய படலமாக நிற்கிறது. அதை எவ்வளவு எடுக்கிறோம் என்பதைக் காட்டிலும் எவ்வளவு வேகமாக எடுக்கிறோம் என்பதே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

நிலம்

பரமக்குடிக்கு மேற்கே வைகைப் படுகையின் மணல் நல்ல நீர் தரும். ஆறு கிழக்கே நகர நகர மணலின் இடத்தைக் களிமண் பிடிக்கிறது. வைகை மற்ற ஆறுகளைப் போல நேராகக் கடலுக்குப் போவதில்லை. பார்த்திபனூர் மதகணையில் பிரிந்து கண்மாய்களை நிரப்பி, ராமநாதபுரம் பெரிய கண்மாயில் முடிந்து, மிஞ்சினால்தான் ஆற்றங்கரை அருகே கடலைத் தொடும். ஆண்டின் பெரும்பகுதி மிஞ்சுவதே இல்லை. முதுகுளத்தூர், கடலாடிப் பக்கம் கரிசலும் கடல் படிவுக் களியும் கலந்த நிலம். மண்டபம் ஒன்றியத்தின் கடலோரமும் ராமேசுவரம் தீவும் மணல் மேடுகள். அடியில் பவளச் சுண்ணாம்புப் பாறை.

கடலிலிருந்து பல கி.மீ. உள்ளே தள்ளியிருக்கும் ஊரிலும் கிணறு உப்புக் கரிக்கும்போது 'கடல் உள்ளே வந்துவிட்டது' என்று சொல்வது வழக்கம். பெரும்பாலும் அது தவறான முடிவு. அங்கே இருப்பது கடல் இந்த நிலத்தை மூடியிருந்த காலத்தில் களிமண்ணோடு சேர்ந்து சிறைப்பட்ட பழைய உப்பு. மழை நீர் ஊடுருவிக் கழுவ முடியாத அளவுக்குக் களி இறுக்கமானது என்பதால் அது அப்படியே நிற்கிறது. பழைய உப்பா, புதிதாக ஏறும் கடல் நீரா என்று பிரித்தறியாமல் தடுப்பணை, மீள்நிரப்புக் குழி என்று செலவு செய்தால் பணம் வீணாகும். களிமண்ணில் மீள்நிரப்புக் குழி வெட்டினால் அது கொசு வளர்க்கும் குட்டையாகத்தான் நிற்கும்.

பிரித்தறிய வழி உண்டு. கடல் நீர் புதிதாக ஏறும்போது அதிலுள்ள சோடியம் களிமண் துகளில் ஒட்டிக்கொண்டு, அங்கிருந்த கால்சியத்தைத் தள்ளிவிடுகிறது. ஆகவே நாக்குக்கு உப்புத் தெரிவதற்கு முன்பே கடினத்தன்மை ஏறும். பருப்பு வேக நேரமாகிறது, சோப்பு நுரைக்கவில்லை என்று வீட்டில் சொல்ல ஆரம்பிப்பது இந்தக் கட்டத்தில்தான். ஆய்வகத்தில் சோடியத்தைக் குளோரைடால் வகுத்த மோலார் விகிதத்தை (எடையில் அல்லாமல் துகள் எண்ணிக்கையில் பார்க்கும் விகிதம்) பார்க்க வேண்டும். கடல் நீரில் அது 0.86. கிணற்று நீரில் அதற்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் ஊடுருவல் நடக்கிறது என்று பொருள். ஒரே ஒரு மாதிரியை வைத்து முடிவு செய்யக் கூடாது. சித்திரையிலும் மார்கழியிலுமாகக் குறைந்தது இரண்டு ஆண்டு எண்கள் வேண்டும்.

எவ்வளவு கடல் நீர் கலந்தால் கிணறு கெடும்? கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19,000 மி.கி. குளோரைடு. நூற்றில் ஒரு பங்கு கலந்தாலே 190 மி.கி. கூடும். ஐந்து பங்கு கலந்தால் 950. குடிநீருக்கான இந்தியத் தர அளவு 10500-இன்படி குளோரைடு 250 வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் ஆதாரம் இல்லையென்றால் 1,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதாவது நூறு குடத்தில் ஐந்து குடம் கடல் நீர் சேர்ந்தாலே குடிநீர்க் கிணறு கைவிட்டுப் போகிறது.

மணல் மேட்டில் மிதக்கும் நீர்

ராமேசுவரம் கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களும், தங்கச்சிமடம் அருகே கடலுக்குள் நிற்கும் வில்லூண்டி தீர்த்தமும் பக்தர்களுக்கு அதிசயம். நீரியல் பார்வையில் அவை மணலில் இறங்கிய மழை நீரின் கணக்கு. நன்னீர் கடல் நீரைவிட எடை குறைந்தது என்பதால் அதன்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயரத்தில் நீர்மட்டம் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது கைபன், ஹெர்ஸ்பெர்க் இருவர் பெயரால் வழங்கும் விதி. மேட்டில் உயர்ந்து நிற்கும் நீர் கடலை நோக்கிக் கசிந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கசிவு வெளிப்படும் இடத்தில் கடலுக்குள்ளேயும் நல்ல தண்ணீர் ஊறும்.

விதி ஆறுதலாக ஒலிக்கும். திருப்பிப் படித்தால்தான் அபாயம் தெரியும். நீர்மட்டத்தை 1 மீட்டர் இறக்கினால் அடியிலிருந்து உப்பு நீர் 40 மீட்டர் ஏறி வரும். தீவிலும் மண்டபம் கரையிலும் நீர்மட்டம் கடலைவிட ஒரு மீட்டர்கூட உயர்ந்திராத இடங்கள் நிறைய.

ஒரு கணக்கு. நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 0.6 மீட்டர், விதிப்படி உப்பு எல்லை 24 மீட்டர் ஆழத்தில். கிணற்றின் அடி கடல் மட்டத்துக்கு 3 மீட்டர் கீழே. இடைவெளி 21 மீட்டர். உப்பு நீர் கூம்பாக மேலெழும்போது இந்த இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அது நிலைகொள்ளாமல் கிணற்றுக்குள் பாய்ந்துவிடும் என்பது நடைமுறை எல்லை. 21-இல் மூன்றில் ஒன்று 7 மீட்டர். 7 மீட்டர் ஏற்றத்துக்கு மேலே எவ்வளவு இறக்கம்? நாற்பதால் வகுத்தால் 17 செ.மீட்டருக்குச் சற்று மேல். ஒரு சாண்கூட இல்லை. மோட்டார் ஓடும்போது கிணற்றில் நீர் ஒரு சாணுக்கு மேல் இறங்குகிறது என்றால் அந்தக் கிணற்றுக்கு நாள் குறித்தாகிவிட்டது. உப்பு எல்லை கத்தியால் வெட்டியது போல இருக்காது, இடையில் கலப்பு மண்டலம் தடித்து நிற்கும் என்பதையும் சேர்த்தால் கையில் இருப்பது இதிலும் குறைவு.

இதை ஊர்க்காரர்கள் எப்போதோ கையால் அறிந்திருக்கிறார்கள். தனுஷ்கோடியிலும், வறண்ட கண்மாய்களின் வயிற்றிலும் பெண்கள் ஊற்றுத் தோண்டும் முறையைக் கவனித்தால் தெரியும். ஆள் இறங்கிக் குந்தும் அளவுக்கு ஒரு குழி. அடியில் ஊறும் நீரைச் சிரட்டையால் மொண்டு, கலங்காமல் குடத்தில் ஊற்றுகிறார்கள். ஒரு குடம் நிறைய அரை மணி நேரம்கூட ஆகும். மேலாக ஊறுவதை மட்டும் எடுப்பதால் அடியிலுள்ள உப்பு அசைவதில்லை. அதே இடத்தில் குழாய் இறக்கி 1 குதிரைத்திறன் மோட்டார் போட்டால் இரண்டு கோடைக்குள் உப்பாகிவிடும். நிலம் அதேதான், எடுக்கும் விதம்தான் மாறியது.

மணல் மேடு எவ்வளவு தரும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேரில் 800 மி.மீ. மழையில் ஐந்தில் ஒரு பங்கு கீழிறங்கினால் ஆண்டுக்கு 16 லட்சம் லிட்டர். பாதியைக் கடலைத் தள்ளி நிறுத்த விட்டுவைக்க வேண்டும். மிச்சம் நாளுக்கு 2,200 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஒன்று தினமும் ஒரு நடை எடுத்தால், அதற்கு 5.5 ஹெக்டேர், அதாவது 13 ஏக்கருக்கும் மேல் மணல் மேடு வேண்டும். உச்சிப்புளி போன்ற நல்ல நீர் மணல் பகுதியில் இரண்டு மூன்று ஏக்கர் தோப்புக்குள் ஒரே கிணற்றில் லாரி நடை கட்டினால் எங்கே போய் முடியும் என்று இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிப்படி உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் உள்ளூர் மக்கள் தம் தேவைக்கு மட்டுமே நிலத்தடி நீர் எடுக்கலாம். 200 முதல் 500 மீட்டர் வரை, வேறு ஆதாரம் இல்லாதபோது, சாதாரணக் கிணற்றில் கையால் இறைத்து மட்டுமே எடுக்கலாம். இந்த விதி தாளில் இருக்கிறது. மாநில அளவில் 2003-இல் வந்த நிலத்தடி நீர்ச் சட்டமோ 2013-இல் திரும்பப் பெறப்பட்டது.

ஊருக்குப் பொதுவாக எடுக்க வேண்டுமானால் ஆழம் போகாமல் அகலமாக எடுப்பதுதான் வழி. சித்திரை, வைகாசியில் நீர்மட்டம் எங்கே நிற்கிறதோ அதற்கு முக்கால் மீட்டர் கீழே, கிடையாக, கடற்கரைக்கு இணையாக 30 மீட்டர் நீளத்துக்குத் துளையிட்ட 160 மி.மீ. பி.வி.சி. குழாய் பதித்து, சுற்றிலும் சிறு ஜல்லியும் பருமணலும் போட்டு, நடுவில் உறைக்கிணற்றில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். குழாயின்மேல் தென்னங்கயிறு சுற்றும் பழைய வழக்கம் நன்றாகவே வேலை செய்யும். சில ஆண்டுகளில் மட்கும், மாற்ற வேண்டும். பம்ப் சிறியதாக இருக்கட்டும். காலையில் மூன்று மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் என்று பிரித்து ஓட்ட வேண்டும். தொடர்ந்து ஆறு மணி நேரம் ஓட்டினாலும் கிடைக்கும் அளவு அதேதான். கூம்பு மட்டும் உயரும். இதில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: மழைக்காலத்தில் பள்ளம் தோண்டுவது. அப்போது நீர்மட்டம் மேலே இருக்கும், அதற்குக் கீழே தோண்டச் சிரமம் என்று குழாயை மேலேயே பதித்துவிடுவார்கள். பங்குனியில் குழாய் காய்ந்து கிடக்கும். உடனே யாராவது உறைக்கிணற்றின் அடியைத் துளைத்து ஆழப்படுத்துவார்கள். அத்தோடு திட்டம் முடிந்தது.

போர்வெல் போடுவதற்கு முன்

உள்பகுதியில் நிலைமை சில இடங்களில் தலைகீழ். மேலே உப்புக் களி. அதற்குக் கீழே ஆழத்திலுள்ள மணற்கல் அடுக்குகளில் ஆங்காங்கே குடிக்கத்தக்க நீர். இங்கே துளையிடுவதில் இரண்டு பொறிகள்.

முதலாவது, நிலத்தின் மின்தடையை அளந்து நீர் தேடும் ஆய்வு. தரையில் கம்பி நட்டு எடுக்கும் அளவீட்டில் 5 ஓம்-மீட்டருக்குக் கீழே வந்தால் அது உப்பு நீர் நிறைந்த மணலாகவும் இருக்கலாம், வெறும் கடல் களியாகவும் இருக்கலாம். கருவிக்கு வித்தியாசம் தெரியாது. பக்கத்தில் ஏற்கெனவே போட்ட துளையின் மண் விவரத்தோடு ஒப்பிடாமல் அந்த எண்ணை நம்பி இடம் குறித்தால் அது சோதிடம்தான். துளையிட்ட பின், குழாய் இறக்குமுன், துளைக்குள் மின்பதிவு எடுத்து எந்த ஆழத்தில் நன்னீர் அடுக்கு இருக்கிறதென்று பார்த்து, அந்த இடத்துக்கு மட்டும் சல்லடைக் குழாய் வைக்க வேண்டும். இந்த ஒரு செலவை மிச்சப்படுத்தப் போய் முழுத் துளையும் கெட்ட கதை ஏராளம்.

இரண்டாவது கேசிங், அதாவது துளைச் சுவரைத் தாங்க இறக்கும் உறைக்குழாய். மேல் உப்பு அடுக்கைத் தாண்டிக் கேசிங் இறக்கினால் மட்டும் போதாது. குழாய்க்கும் துளைச் சுவருக்கும் இடையிலுள்ள வளையத்தைச் சிமென்ட் கரைசல் அல்லது பென்டோனைட் களியால் அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் மேலேயுள்ள உப்பு நீர் குழாயின் வெளிப்புறமாக வழிந்து நல்ல அடுக்கில் இறங்கும். முதல் ஆறு மாதம் நல்ல தண்ணீர் வந்து பிறகு உப்பாகும் போர்வெல்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம். கடல்மேல் பழி விழும். இரும்புக் கேசிங் இந்த நீரில் அரித்துப் பொத்தல் விழும், ஆகவே தடித்த பி.வி.சி. நல்லது. கைவிட்ட துளைகளை மூடுவது பற்றிப் பேசும்போது குழந்தைகள் விழும் ஆபத்தைத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். இந்த மாவட்டத்தில் இன்னொரு காரணமும் உண்டு: மூடாத ஒவ்வொரு துளையும் உப்பு நீர் கீழே இறங்கும் குழாய். வாய்க்கு மூடி போட்டால் போதாது, அடியிலிருந்து களி நிரப்பி வர வேண்டும்.

ஊருணி

கண்மாய் பாசனத்துக்கு, ஊருணி குடிப்பதற்கு என்ற பிரிவினை இங்கே பழையது. 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று பெயர்பெற்ற ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய் பற்றி எல்லாரும் பேசுவார்கள். ஊர்ப் பக்கத்து ஊருணி பற்றிப் பேச்சு குறைவு. உப்புக் களிமண் நிலத்தில் நிலத்தடி நீரை எதிர்பார்க்க முடியாது என்பதால், அதே களியின் கசியாத குணத்தை வைத்து மழையைத் தேக்கியிருக்கிறார்கள்.

மேல்விளிம்பு 60-க்கு 60 மீட்டர், ஆழம் 3 மீட்டர், சரிவு ஒன்றுக்கு இரண்டு என்று ஓர் ஊருணியை எடுத்துக்கொண்டால் அடி 48-க்கு 48. கொள்ளளவு சுமார் 8,780 கன மீட்டர். மார்கழியில் நிரம்பி 200 நாள் நிற்க வேண்டும். வெயில் நாளுக்கு 6 மி.மீ. குடிக்கும், 200 நாளில் 1.2 மீட்டர். சராசரிப் பரப்பை வைத்தால் ஏறத்தாழ 3,600 கன மீட்டர் ஆவியாகிறது. அடியில் அரை மீட்டர் சேற்று நீர் 1,200. கசிவுக்குக் கொஞ்சம் விட்டால் கையில் மிஞ்சுவது சுமார் 3,500. எண்ணூறு பேர் உள்ள ஊர், ஆளுக்கு 10 லிட்டர் என்றால் 200 நாளுக்கு 1,600 கன மீட்டர் போதும், தாராளமாகவே மிஞ்சும். அதே நீரை 55 லிட்டர் கணக்கில் எடுத்தால் 80 நாளில் காலி, மாசி, பங்குனியிலேயே தரை தெரியும். ஊருணியில் மோட்டார் வைத்துத் தெருக்குழாய்க்கு விடக் கூடாது என்று பழைய ஊர்க் கட்டுப்பாடுகள் சொன்னதில் இந்தக் கணக்குத்தான் இருந்திருக்க வேண்டும்.

நிரப்ப எவ்வளவு வரத்துப் பரப்பு வேண்டும்? பருவமழை 480 மி.மீ., அதில் 15 சதவீதம் ஓடி வரும் என்றால் 12 ஹெக்டேர், அதாவது 30 ஏக்கர். கரையைச் சிமென்ட் போட்டு அழகுபடுத்தி, படித்துறை கட்டி, கல்வெட்டு வைத்த பிறகும் நிரம்பாமல் கிடக்கும் ஊருணிகளில் குறை பெரும்பாலும் வரத்துக்காலில் இருக்கும்: சாலை உயர்த்தும்போது பாலம் வைக்கவில்லை, வீட்டு மனை பிரித்தார்கள், சீமைக்கருவேலம் மண்டியது. தூர்வாரும் மதிப்பீட்டில் வரத்துக்காலுக்குத் தனித் தொகை இல்லையென்றால் அந்த மதிப்பீட்டைத் திருப்பி அனுப்புவதே நல்லது.

அதைவிட மோசமான கெடுதல் ஒன்று உண்டு. ஆழப்படுத்துகிறோம் என்று ஜே.சி.பி.யை இறக்கி, அடியிலுள்ள இறுகிய களியைத் தாண்டித் தோண்டிவிடுவது. கீழே மணல் வந்தால் ஊருணி ஒழுகும். உப்பு நீர்மட்டம் வந்தால் கோடையில் நன்னீர் இறங்கும்போது கீழிருந்து உப்பு ஏறும். இரண்டுமே திரும்பாத சேதம். தோண்டுமுன் ஊருணிக்குள் நான்கைந்து இடத்தில் கையால் திருகும் துளைப்பானால் (ஆகர்) 2 மீட்டர் துளைத்து, களி எங்கே முடிகிறது என்று பார்த்து, குறைந்தது ஒரு மீட்டர் களியை விட்டுவைக்க வேண்டும். ஏற்கெனவே கிழிந்துவிட்டால், கண்மாய்க் களியை 15 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு, ஈரப்பதத்தில் உருளை ஓட்டி, அரை மீட்டர் தடிப்புக்கு இறுக்கலாம். பழைய நிலை முழுமையாக வராது.

ஊருணித் தண்ணீர் வெண்கலங்கலாக இருக்கும். குடத்தின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசித் தெளியவைக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. கலங்கல் இறங்கும், கிருமி சாகாது. ஊர் அளவில் மெது மணல் வடிகட்டி பொருத்தம். நாளுக்கு 8,000 லிட்டர் வடிக்க, மணிக்கு 0.15 மீட்டர் வேகத்தில், 2.2 சதுர மீட்டர் பரப்பு போதும். இரண்டு தொட்டியாகக் கட்டினால் ஒன்றைச் சுத்தம் செய்யும்போது மற்றது ஓடும். நுண்மணல் 90 செ.மீ., கீழே ஜல்லி 30 செ.மீ. மணலின் மேற்பரப்பில் படியும் வழவழப்பான உயிர்ப்படலம்தான் உண்மையில் வடிகட்டுகிறது. அது உருவாக ஒன்றிரண்டு வாரம் ஆகும். மணல் காய்ந்தால் செத்துவிடும். மின்சாரம் வரும்போது மட்டும் ஓட்டுவதும், வாரத்துக்கு ஒருமுறை மணலை அள்ளிக் கழுவுவதும் இதைக் கெடுக்கும் இரண்டு வழிகள். ஓட்டம் குறையும்போது மேலே ஒன்றிரண்டு செ.மீ. மட்டும் சுரண்டினால் போதும். கலங்கல் மிகுந்த நீரை நேராக விட்டால் இரண்டே நாளில் அடைத்துக்கொள்ளும். முன்னால் ஜல்லி நிரப்பிய கிடைத்தொட்டி ஒன்று வேண்டும்.

காவிரிக் குழாய்

திருச்சி அருகே முத்தரசநல்லூர்ப் பகுதியில் காவிரிப் படுகையில் எடுத்து, புதுக்கோட்டை, சிவகங்கை வழியாக வரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம், 616 கோடி ரூபாய் மதிப்பில், 2010-ஐ ஒட்டிப் பயன்பாட்டுக்கு வந்தது. அது வந்த பிறகு இந்த மாவட்டத்தின் நிலை மாறியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் ராமநாதபுரம் அந்தக் குழாயின் கடைக்கோடி.

கடைக்கோடி என்றால் என்ன? உள்விட்டம் 500 மி.மீ. கொண்ட 20 கி.மீ. குழாய்க்குள் மட்டும் 39 லட்சம் லிட்டர் நிற்கும். மின்தடையில் பம்ப் நின்றதும் தாழ்வான தொட்டிகளுக்கு இதில் கால் பங்கு வடிந்தால், மணிக்கு 5 லட்சம் லிட்டர் ஓட்டத்தில் அதை மறுபடி நிரப்பவே இரண்டு மணி நேரம். அதுவரை கடைசி ஊர்க் குழாயில் காற்றுதான் சீறும். அரை மணி மின்தடை அங்கே பல மணி நேரத் தடையாக மாறுவது இப்படித்தான். வழியெங்கும் காற்றுப் போக்கி வால்வுகளை உடைத்துக் குடம் பிடிப்பது, பிரதானக் குழாயில் நேராக இணைப்பு எடுப்பது, வீட்டு இணைப்பில் மோட்டார் வைத்து உறிஞ்சுவது எல்லாம் சேர்ந்து கடைசியில் அழுத்தத்தைக் கரைத்துவிடும். வால்வை உடைத்த இடத்தில் அழுத்தம் குறையும்போது சாக்கடை நீரும் உள்ளே இழுபடும்.

வடிவமைப்பில் செய்ய வேண்டியது தெளிவு: ஒவ்வொரு ஊர்த் தொட்டிக்கும் ஓட்டக் கட்டுப்பாட்டு வால்வும் மீட்டரும், கடைக்கோடி ஊர்களில் ஒரு நாள் தேவையை விட்டு இரண்டு நாள் தேவைக்குத் தரைமட்டத் தொட்டி. மேல்நிலைத் தொட்டியின் கொள்ளளவு மட்டும் பார்த்து ஒப்புதல் தருவது இந்த மாவட்டத்துக்குப் பொருந்தாது.

குளோரின் இன்னொரு தொல்லை. நீண்ட குழாயில் வெயில் காலத்தில் அது கரைந்து, கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மி.கி. என்ற குறைந்தபட்சம்கூட மிஞ்சாது. ஊர்த் தொட்டியில் மறுபடி போட வேண்டும். 1 லட்சம் லிட்டர் தொட்டியில் 2 மி.கி. அளவுக்கு 200 கிராம் குளோரின் வேண்டும்; புத்தம் புதிய 30 சதவீத பிளீச்சிங் பவுடர் என்றால் 670 கிராம். கடலோரப் புழுக்கத்தில் மூட்டை பிரித்து வைத்த பவுடர் சீக்கிரம் வீரியம் இழக்கும். 20 சதவீதம் என்று கொண்டால் ஒரு கிலோ. வாளியில் கரைத்துத் தெளிவை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத் திறந்து, ஊரின் கடைசிக் குழாய் நீரில், மிஞ்சிய குளோரினைக் காட்டும் குளோரோஸ்கோப் கருவியில் மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். தொட்டிக்கு அடியில் பார்த்துப் பயனில்லை.

காவிரி நீர் தாமதமானால் ஆபரேட்டர் செய்யும் காரியம் ஒன்று இருக்கிறது: உள்ளூர் போர் தண்ணீரை அதே மேல்நிலைத் தொட்டியில் ஏற்றுவது. குழாயில் ஏதோ வருகிறது என்று ஊர் அமைதியாகும், ஆனால் தொட்டி முழுவதும் உப்பாகும்; அந்த நாள் குடிக்க எதுவும் இல்லை. தள்ளுவண்டியில் பத்துப் பன்னிரண்டு குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் பக்கத்து ஊருக்குத் தள்ளிப்போகும் காட்சி இப்படிப்பட்ட நாட்களில்தான் பெருகும். லாரித் தண்ணீர் குடம் 10 ரூபாய் என்றே வைத்தாலும், 15 லிட்டர் குடத்துக்கு அது ஆயிரம் லிட்டருக்கு 660 ரூபாய்க்கு மேல். உள்ளூர் நீருக்கு மினி பவர் பம்ப், தனி சின்டெக்ஸ், தனிக் குழாய். காவிரிக்குத் தனித் தொட்டி. இரண்டையும் சேர்ப்பதானால் அளந்து சேர்க்க வேண்டும்: உள்ளூர் நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 1,800 மி.கி., காவிரியில் 400 என்றால் சரிபாதி கலந்தால் 1,100. தர அளவின் 2,000 உச்சவரம்புக்குள் வரும், சுவையும் பொறுக்கும்.

உப்பு நீக்கம்

கடலாடிப் பக்கம் நரிப்பையூரில் 1990-களின் இறுதியில் நாளுக்கு 38 லட்சம் லிட்டர் திறனில் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைத்தார்கள். நாட்டிலேயே முன்னோடி முயற்சிகளில் ஒன்று. கடல் நீருக்கு 55 முதல் 70 பார் அழுத்தம் வேண்டும். நூறு லிட்டர் உறிஞ்சினால் 35 முதல் 45 லிட்டர்தான் நன்னீர். நவீன நிலையத்திலும் ஆயிரம் லிட்டருக்கு 3, 4 யூனிட் மின்சாரம். உப்புக் காற்றில் பம்பும் குழாயும் அரிப்பதற்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்காத நிலையம் எங்கே கட்டினாலும் நிற்காது.

ஊருக்கு ஊர் வைத்திருக்கும் சிறு ஆர்.ஓ. (நுண்படலத்தின் வழியே நீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் நிலையம்) வேறு விதமான சிக்கல். கரைந்த உப்பு 4,000 மி.கி. உள்ள போர் நீரில் பாதியை நன்னீராக எடுத்தால் கழிவு நீரில் உப்பு 8,000-ஐத் தொடும். அந்தக் கழிவை நிலையத்தின் பின்புறம் மண்ணில் விடுகிறார்கள். மணற்பாங்கான நிலமானால் அது அதே போருக்கே திரும்பி வரும். அடுத்த ஆண்டு உள்ளே போகும் நீரே 5,000 ஆகும், படலத்தில் சீக்கிரம் சுண்ணாம்பு படியும், அழுத்தம் கூட்டுவார்கள், உற்பத்தி குறையும். கழிவை உவர் ஓடைக்கோ பயன்பாட்டிலுள்ள உப்பளத்துக்கோ குழாயில் கொண்டுபோக வழியில்லாத ஊரில் ஆர்.ஓ. வைக்க அனுமதி தரக் கூடாது. 5 மைக்ரான் வடிகட்டிச் சுருளை மாற்றுவதும், படிவுத் தடுப்பு மருந்து தீராமல் பார்ப்பதும் நூறு ரூபாய் வேலைகள்; அவற்றைத் தவறவிட்டால் படலம் மாற்ற ஆயிரக்கணக்கில் போகும்.

அளப்பது

மின்கடத்துதிறன் மீட்டர் பேனா அளவில் கிடைக்கிறது. காட்டும் எண்ணை 0.65-ஆல் பெருக்கினால் கரைந்த உப்பு தோராயமாகக் கிடைக்கும். 3,000 மைக்ரோசீமென்ஸ் என்பது 2,000 மி.கி. எல்லைக்குப் பக்கம். ஒவ்வொரு பொதுக் கிணற்றிலும் வாரம் ஒருமுறை, மோட்டார் போடுமுன் ஒன்று, ஒரு மணி நேரம் ஓடிய பின் ஒன்று என்று இரண்டு எண்கள் எடுக்க வேண்டும். இரண்டாவது எண் முதலாவதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடினால் கூம்பு ஏறுகிறது. அன்றே ஓட்டும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். மறுவாரமும் இறங்காவிட்டால் கிணற்றுக்கு ஒரு மழைக்காலம் ஓய்வு. நீர்மட்டத்தை நாடாவால் அளந்து அதே நோட்டில் எழுத வேண்டும். கிணற்றுச் சுவரில் கோடை நீர்மட்டத்துக்குக் கீழே, ஒரு சாணுக்கும் குறைவான தூரத்தில் சிவப்புக் கோடு போட்டுவிட்டால் நாடா இல்லாத நாளிலும் ஆபரேட்டருக்குத் தெரியும். கோட்டைத் தொட்டால் மோட்டாரை நிறுத்தும் மிதவை சுவிட்சை அதே உயரத்தில் கட்டிவிடலாம். அதை யாரும் கயிற்றால் தூக்கிக் கட்டிவிடாமல் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும்.